ஒளிந்திருக்கும் உயிர்

முங்குமு என்றால் மரக்கோடரி. ஆஸ்திரேலியாவின் வடக்கே கார்பென்டேரியா வளைகுடாவில் மார்னிங்டன் என்றொரு தீவு இருக்கிறது. அங்குள்ள லார்டில் மக்களின் சொல் இது. 'கோடரியை எடுத்தான்' என்று சொல்லும்போது நாம் 'ஐ' உருபைச் சேர்ப்பதுபோல அவர்களும் ஓர் உருபைச் சேர்க்கிறார்கள். அவர்களுடைய உருபு 'ன்'. முங்குமுவோடு ன் சேர்ந்தால் முங்குமுன் என்று ஆக வேண்டும். ஆனால் அவர்கள் சொல்வது முங்குமுங்குன்.

நடுவில் அந்த 'ங்கு' எங்கிருந்து வந்தது?

இன்னும் சில சொற்களைப் பார்ப்போம். சுடருக்கு லார்டிலில் யலுல். சுடரை என்பதற்கு யலுலுன். காட்டு மாங்காய்க்கு விவல். காட்டு மாங்காயை என்பதற்கு விவலன். கடல் என்றால் மெல. கடலை என்றால் மெலன். உருபு ஓர் இடத்தில் உன், ஓர் இடத்தில் அன், ஓர் இடத்தில் வெறும் ன் என்று முதல் பார்வைக்குத் தோன்றும். அப்படியானால் எங்கே உன் வரும், எங்கே அன் வரும்? யலுல், விவல் இரண்டும் லகர மெய்யில்தான் முடிகின்றன. சொல்லின் கடைசி எழுத்தைப் பார்த்து எந்த உயிர் வரும் என்று ஊகிக்க வழியே இல்லை. ஆகவே அந்த உயிர் உருபுக்குச் சொந்தமானதாக இருக்க முடியாது. அது சொல்லுக்கே சொந்தம். சொல்லின் முழு வடிவம் யலுலு. இன்னொன்றின் முழு வடிவம் விவல. மூன்றோ அதற்கு மேலோ அசைகள் உள்ள சொல் தனியாக நிற்கும்போது கடைசி உயிர் உதிர்ந்துவிடுகிறது. உருபு வந்து பின்னால் நின்றால் அந்த உயிர் உதிராமல் தங்குகிறது. மெல இரண்டே அசை என்பதால் அதற்கு எந்தச் சேதமும் இல்லை.

இப்போது கோடரிக்குத் திரும்புவோம். முழு வடிவம் முங்குமுங்கு. கடைசி உயிர் போனால் முங்குமுங்க் என்று நிற்கும். லார்டில் சொல் ககர மெய்யில் முடியாது. வல்லின மெய்யில் சொல் முடியாத மொழியைப் பேசும் நமக்கு இதில் வியப்பில்லை. ஆகவே க் விழுகிறது. மிச்சம் முங்குமுங். லார்டிலில் ங் என்றும் சொல் முடியாது. அதுவும் விழுகிறது. முங்குமு.

இங்கேதான் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். முங்குமு என்பதில் மூன்று அசைகள் இருக்கின்றன, கடைசியில் உயிர் நிற்கிறது. மூன்று அசைச் சொல்லின் கடைசி உயிர் உதிரும் என்பது விதி. அப்படியானால் இந்த உகரமும் உதிர்ந்திருக்க வேண்டுமே? உதிரவில்லை. உயிரை உதிர்க்கும் விதி தன் வேலையை முடித்துப் போன பிறகுதான் மெய்களை உதிர்க்கும் விதி வந்தது. முதல் விதி திரும்பி வந்து பார்ப்பதில்லை. விதிகள் இருக்கின்றன என்பது மட்டும் போதாது, அவற்றுக்கு வரிசையும் உண்டு என்பதை இந்த ஒரு கோடரி காட்டிக் கொடுக்கிறது.

முங்குமுங்கு என்ற தனிச்சொல்லை எந்த லார்டில்காரரும் வாய் திறந்து சொன்னதில்லை. எந்தக் குழந்தையும் அதைக் காதால் கேட்டதில்லை. ஆனாலும் லார்டில் பேசி வளர்ந்த ஒவ்வொருவர் மனத்திலும் அந்த வடிவம் இருந்தது. இல்லாவிட்டால் உருபு சேரும்போது சரியான உயிர் சரியான இடத்தில் தலைகாட்டாது. நம் வீட்டுக் குழந்தைகளும் 'மரம்' என்று கேட்டு 'மரத்தை' என்று சொல்லப் பழகுகிறார்கள். அந்தத் 'த்து' எங்கே ஒளிந்திருந்தது என்று நாம் கேட்பதில்லை. தொல்காப்பியர் கேட்டார், அதற்குச் சாரியை என்று பெயரும் வைத்தார். லார்டிலுக்கு அப்படிக் கேட்க ஓர் ஆள் 1960இல்தான் போய்ச் சேர்ந்தார். அவர் கென் ஹேல் என்ற மொழியியலாளர்.

ஹேல் 1934இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பிறந்தவர். ஆறு வயதிலிருந்து அரிசோனாவில் கால்நடைப் பண்ணையில் வளர்ந்தார். விடுதிப் பள்ளியில் அறைத் தோழர்களாக இருந்த பழங்குடிப் பையன்களிடமிருந்து ஹோப்பி, ஹேமெஸ் மொழிகளைக் கற்றுக்கொண்டார். எங்கே போனாலும் அந்த ஊர் மொழி அவர் நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். அவரோ, தனக்கு உண்மையாகப் பேச வருவது ஆங்கிலம், ஸ்பானிஷ், வார்ல்பிரி ஆகிய மூன்றுதான் என்பார். மற்றவற்றில் சில விஷயங்களைச் சொல்ல வரும், அவ்வளவே என்பார். சொல்ல வருவதையும் பேச வருவதையும் அவர் ஒன்றாக எண்ணவில்லை. ஒரு மொழியின் உள்ளே போய்ப் பார்த்தவருக்கே அந்த வேறுபாடு தெரியும்.

1959இல் முனைவர் பட்டம் முடித்த கையோடு ஆஸ்திரேலியா போனார். ஒலிப்பதிவுக் கருவி, நோட்டுப் புத்தகம், எதிரே ஒரு மொழிக்காரர். உடலுறுப்புகளின் பெயரில் தொடங்குவார், பிறகு விலங்குகள், பிறகு வாக்கியங்கள். அந்த நாடாக்களும் குறிப்பேடுகளும் கான்பெராவில் பழங்குடி ஆய்வுக்கான தேசிய நிறுவனத்தில் இருக்கின்றன.

லார்டிலைத் தமிழில் எழுதிப் பார்க்கும்போது ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அம்மொழிக்கு ஆறு மூக்கொலிகள். நம் மெல்லின எழுத்துகளும் ஆறு. க-வுக்கும் 'ga'-வுக்கும் வேறு வேறு எழுத்து தேவைப்படாத மொழி அது. தமிழ் எழுத்து அதற்குச் சட்டை தைத்ததுபோலப் பொருந்துகிறது. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகள் பலவற்றுக்கும் இது பொருந்தும். இந்த ஒற்றுமையைப் பார்த்து உறவு கொண்டாடியவர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு, கால்டுவெல்லும் அதைக் குறிப்பிட்டார். ஆனால் ஒலிகள் ஒத்திருப்பதால் மட்டும் இரண்டு மொழிகள் உறவாகிவிடாது. சொற்களிலும் உருபுகளிலும் ஒழுங்கான ஒப்புமை வேண்டும். அது இங்கே கிடைக்கவில்லை. ஆசைப்பட்டு நம்பிவிடக் கூடாத விஷயங்களில் இது ஒன்று.

ஒப்பிட்டு வியக்க வேறு இடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதை நாம் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். லார்டிலிலும் அந்தப் பிரிவு உண்டு. இருவருக்கு ஒரு சொல், இருவருக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னொரு சொல் என்ற பிரிவும் உண்டு. இவற்றுக்கும் மேல் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. 'அவர்கள் இருவரும் வந்தார்கள்' என்று சொல்ல வேண்டுமானால், அந்த இருவரும் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று தெரிந்திருக்க வேண்டும். அண்ணனும் தம்பியுமா, தாத்தாவும் பேரனுமா? அப்படியென்றால் ஒரு சொல். அப்பாவும் மகனுமா, மாமனும் மருமகனுமா? அப்படியென்றால் வேறு சொல். ஒரே தலைமுறை, அல்லது ஒரு தலைமுறை விட்டு அடுத்த தலைமுறை என்றால் ஒரு பக்கம்; அடுத்தடுத்த தலைமுறை என்றால் மறுபக்கம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நான், நீ, அவன் மூன்று. பன்மையில் நாம், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற நான்கும் இருவர் என்றும் பலர் என்றும் பிரிந்து எட்டாகி, முறையால் மறுபடியும் பிரிந்து பதினாறாகும். ஆக மொத்தம் 19 பதிலிப்பெயர்கள்.

தாத்தாவையும் பேரனையும் ஒரே பக்கத்தில் நிறுத்துவது நமக்கு அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். அப்பாவின் பெயரை மகனுக்கு வைக்கத் தயங்குகிற குடும்பங்கள் தாத்தாவின் பெயரைத் தயங்காமல் பேரனுக்கு வைக்கின்றன. நாம் பெயர் சூட்டும் நாளில் நினைக்கிற ஒன்றை லார்டில்காரர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் இலக்கணமாக வைத்திருந்தார்கள். உறவுமுறை வாக்கிய அமைப்புக்குள் வந்து உட்கார்வதைப் பற்றி 1966இல் ஹேல் கட்டுரை எழுதினார். மொழியியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

இனித் தொடரியல். ஹேல் ஆயுள் முழுக்க நெருங்கிப் பழகிய மொழி லார்டிலைவிட வார்ல்பிரிதான். மத்திய ஆஸ்திரேலியப் பாலை நிலத்து மொழி அது. 'சின்னக் குழந்தை நாயைத் துரத்துகிறது' என்பதை அம்மொழியில் இப்படிச் சொல்லலாம்: குர்டுங்கு கா மலிகி வாஜிலிபின்யி விதாங்கு. குர்டு என்றால் குழந்தை, மலிகி நாய், விதா சின்ன. வினை நடுவில்; குழந்தை வாக்கியத்தின் தொடக்கத்தில்; அதன் அடைமொழியோ கடைக்கோடியில். தமிழில் 'குழந்தை நாயைத் துரத்துகிறது', 'நாயைக் குழந்தை துரத்துகிறது' என்று சொற்களை இடம் மாற்றி விளையாடுவோம், உருபு காப்பாற்றும். ஆனால் 'குழந்தை நாயைத் துரத்துகிறது சின்ன' என்றால் வாக்கியம் உடைந்துவிடும். வார்ல்பிரியில் உடைவதில்லை. குர்டுவுக்குப் பின்னால் இருக்கிற அதே 'ங்கு' விதாவுக்குப் பின்னாலும் இருக்கிறது. செய்பவரைக் காட்டும் அந்த உருபு இரண்டு சொற்களிலும் ஒட்டியிருப்பதால், எவ்வளவு தூரத்தில் நின்றாலும் இரண்டும் ஒரே ஆளைச் சொல்கின்றன என்று கேட்பவருக்குத் தெரியும்.

1950களின் கடைசியிலிருந்து வாக்கியத்தை மரம்போல வரைவது மொழியியலின் வழக்கமாகியிருந்தது. பெயரும் அதன் அடையும் ஒரே கிளையில், வினையும் செயப்படுபொருளும் இன்னொரு கிளையில். அந்தப் படம் பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பார்த்து வரையப்பட்டது. 1967 முதல் ஹேல் வேலை பார்த்த அமெரிக்காவின் எம்.ஐ.டி.தான் அந்தக் கோட்பாட்டின் தலைவாசல், அதை உருவாக்கிய சோம்ஸ்கி பக்கத்தில் இருந்தார். 1983இல் ஹேல் வார்ல்பிரியை முன்வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எல்லா மொழிக்கும் ஒரே மாதிரிக் கிளை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில மொழிகளில் வாக்கியத்தின் உறுப்புகள் கிளைகளால் கட்டப்படாமல் வேறு விதத்தில் கட்டப்பட்டிருக்கின்றன என்று அதில் காட்டினார். அவர் சொன்ன விடை சரிதானா என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. கேள்வி மட்டும் போகவில்லை. உலகில் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜெர்மனும் மட்டும் மிஞ்சியிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. மொழி ஒன்று பதிவாகாமல் போவதில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். விடையோடு கேள்வியும் போய்விடுகிறது, போனது யாருக்கும் தெரிவதில்லை.

அப்படிப் போகவிருந்த ஒன்று டாமின்.

லார்டில் ஆண்கள் இரண்டு படிச் சடங்குகளைக் கடந்து வளர்ந்தவர்களானார்கள். இரண்டாவது சடங்கை முடித்தவர்களுக்கு டாமின் என்ற தனிப் பேச்சு கற்பிக்கப்பட்டது. இலக்கணம் லார்டிலின் இலக்கணமே, உருபுகளும் அவையே. ஆனால் வேர்ச்சொற்கள் அத்தனையும் வேறு. ஒலிகளும் வேறு. மாட்டை ஓட்டும்போது நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்குவோம், இரக்கப்படும்போது உச்சுக் கொட்டுவோம். அந்த மாதிரி ஒலிகள் டாமினில் முழு எழுத்துகளாக வந்தன. ஆப்பிரிக்காவுக்கு வெளியே சொடுக்கொலியைச் சொற்களுக்குள் வைத்திருந்த பேச்சு உலகிலேயே இது ஒன்றுதான். மீனுக்கான சொல்லில் காற்றை வெளியே விடாமல் உள்ளே இழுத்து ஒலிக்க வேண்டும்.

வேர்கள் ஏறக்குறைய 150தான். 150 சொற்களை வைத்துக்கொண்டு கடலையும் மீனையும் பசியையும் கோபத்தையும் பேச வேண்டும். எனவே ஒவ்வொரு சொல்லும் ஒரு பெரிய கூட்டத்தைத் தோளில் சுமந்தது. 'பெரிய' என்பதற்குத் தனி வேர் கிடையாது. 'சின்ன' என்ற சொல்லின் முன்னால் எதிர்ப்பொருள் தரும் ஒட்டைச் சேர்த்தால் பெரிய. லார்டிலின் 19 பதிலிப்பெயர்களும் டாமினில் இரண்டாகச் சுருங்கின: நான் இருக்கும் பக்கம், நான் இல்லாத பக்கம். தாத்தா பேரன் கணக்கு, நாம் நாங்கள் கணக்கு எல்லாம் அந்த ஒரு கோட்டில் ஒடுங்கிவிடுகின்றன. எந்தப் பொருளை எந்தப் பொருளோடு சேர்க்கலாம், எதைப் பிரித்தே ஆக வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கல்தத் என்ற மூதாதை அதைப் படைத்தார் என்பது லார்டில் மரபு. எழுத்து இல்லாத ஒரு சின்னத் தீவில், சொற்பொருளை அலசி அலசி அடிப்படைக்குக் கொண்டுபோன அறிவு அது. இதற்கு ஈடாக இன்னொன்றைக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியவில்லை.

1914இல் கிறிஸ்தவ மிஷன் தீவுக்கு வந்தது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதியில் வைத்தார்கள். ஆண்களின் சடங்குகள் நின்றன. சடங்கு இல்லையென்றால் டாமினைக் கற்பிக்க ஒரு நாளும் இல்லை. 1960இல் ஹேல் வந்தபோது சடங்கை முடித்த முதியவர்கள் சிலர் மட்டும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதுதான் டாமினைப் பற்றி நமக்கு இன்று தெரிந்ததில் பெரும்பகுதி. இன்னும் இருபது ஆண்டுகள் தாமதித்திருந்தால் இந்த அத்தியாயத்தில் இந்தப் பகுதி இருந்திருக்காது.

லார்டிலும் இளைஞர்களின் வாயில் மாறிப்போனது. ஹேலின் மாணவர் நார்வின் ரிச்சர்ட்ஸ் 1990களில் தீவுக்குப் போனபோது முதியவர்களின் லார்டிலும் இளையவர்களின் லார்டிலும் இரண்டாகப் பிரிந்திருந்தன. இளையவர்கள் பேச்சில் உருபுகள் நழுவிக்கொண்டிருந்தன. உருபு போனால் என்ன ஆகும் என்று முதல் பக்கத்துக் கோடரியை வைத்து யோசித்துப் பாருங்கள். முங்குமுங்குன் என்று சொல்ல ஆள் இல்லையென்றால் முங்குமுவுக்குள் ஒளிந்திருக்கும் 'ங்கு' வெளியே வர வேறு வாசல் இல்லை. கேட்கும் குழந்தைக்கு அது முங்குமு மட்டும்தான்.

1992இல் அமெரிக்க மொழியியல் கழகத்தின் 'லேங்குவேஜ்' இதழில் அழியும் மொழிகளைப் பற்றி ஹேலும் வேறு சிலரும் எழுதிய கட்டுரைத் தொகுப்பு வந்தது. உலகின் ஏறக்குறைய 6,000 மொழிகளில் 90 சதவீதம் வரை 21ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் மறைந்துபோகலாம் அல்லது மரணப் படுக்கையில் கிடக்கலாம் என்று மைக்கேல் கிராஸ் அதில் எச்சரித்தார். ஹேல் டாமினை எடுத்துக்காட்டினார். அதே ஆண்டு அதே இதழில் மறுப்பும் வந்தது. எழுதியவர் ஒலியியல் மேதை பீட்டர் லடேஃபோகட். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று நம் நீலகிரி. தொதவர்களிடையே போய் வேலை செய்தவர் அவர். தொதவ மொழியில் ரகரம் மூன்று, மூன்றுக்கும் யகரச் சாயலோடு இன்னொரு வடிவம், ஆக ஆறு. எழுத்தில் ர, ற என்று வைத்துக்கொண்டு பெரும்பாலான ஊர்களில் பேச்சில் ஒன்றாக்கிவிட்ட நம்மால் அந்த ஆறையும் காதால் பிரிப்பதே கடினம். அந்த ஆறையும் அளந்து எழுதியவர்களில் ஒருவரான லடேஃபோகட்தான் சொன்னார்: தொதவ இளைஞர்கள் முன்னோரை மதிக்கிறார்கள், ஆனால் இன்றைய இந்தியாவில் பங்கும் வேண்டும் என்கிறார்கள், எது நல்லது என்று அவர்களுக்குச் சொல்ல மொழியியலாளன் யார்?

எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வி இல்லை இது. மலைவாழ் குடும்பம் ஒன்று பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கோ ஆங்கிலப் பள்ளிக்கோ அனுப்பும்போது அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அடுத்த ஆண்டே மொழியியலாளர் நான்சி டோரியன் பதில் எழுதினார். சொந்த மொழியைக் கைவிடும் முடிவு பெரும்பாலும் அதிகாரத்தின் அழுத்தத்தில் எடுக்கப்படுவது, கைவிட்டவர்களின் பிள்ளைகளோ பேரர்களோ பின்னால் அதைத் தேடி வருகிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். என் மனம் டோரியன் பக்கம் சாய்கிறது. தாத்தா விட்டதைப் பேரன் தேடுவான். தேடும்போது அவனுக்குக் கிடைக்க ஏதாவது இருக்க வேண்டும். தொதவ மொழிக்கு அது இருக்கிறது: 1930களில் நீலகிரியில் தங்கிய மொழியியலாளர் எமனோ எழுதியவை, நூற்றுக்கணக்கான பக்கங்களில் அவர்களுடைய பாடல்கள், இலக்கணம், கதைகள்.

ஹேலுக்கு ஆவணம் மட்டும் போதவில்லை. ஒரு மொழியின் இலக்கணத்தை ஆழமாகத் தோண்ட அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்களால்தான் முடியும், அதனால் அவர்களே மொழியியலாளர்களாக வேண்டும் என்று 1960களின் கடைசியிலிருந்து வாதாடினார். அரிசோனாவின் ஓதாம் இனத்தவரான ஆல்பர்ட் ஆல்வரெஸ் தன் மொழியின் ஒலியனியலைத் தன் மொழியிலேயே, அதற்கான கலைச்சொற்களைத் தானே உருவாக்கி எழுதினார். ஹேல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து இருவர் பெயரிலும் வெளியிட்டார். ஹோப்பி இனத்தவரான லவெர்ன் மசாயெஸ்வா ஜீன், நவாஹோ இனத்தவரான பால் பிளாடெரோ இருவரும் 1978இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார்கள்.

1990களில் அதே வாசலுக்கு ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் வந்தார். மாசசூசெட்ஸ் கரையோரத்து வாம்பனோவாக் இனத்தவர். அவர்கள் மொழியைப் பேச ஆள் இல்லாமல் நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மிஞ்சியிருந்தது காகிதம்: 1663இல் அம்மொழியில் அச்சான விவிலியம், அந்த மக்களே தங்கள் கைப்பட எழுதிய நிலப் பத்திரங்கள், கடிதங்கள். எழுத்து மட்டும் இருந்தால் ஒலி கிடைத்துவிடாது. ஆங்கிலக் காது கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதியது அது. எந்த உயிர் நெடில், எது குறில், எது எழுத்தில் மட்டும் இருந்து வாயில் இல்லாதது என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். அதற்குத் துணை, இன்னும் பேசப்படும் உறவு மொழிகள். அந்த மொழிகளில் ஓர் ஒலி எப்படி ஒழுங்காக மாறி வருகிறது என்று பார்த்து இங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் போகலாம். யலுலுனைப் பார்த்து யலுலுவுக்குப் போன அதே நடை, இன்னும் நீண்ட தூரம். பேர்ட் ஹேலோடு உட்கார்ந்து அதைச் செய்தார், 2000இல் எம்.ஐ.டி.யில் முதுகலைப் பட்டம் பெற்றார், அகராதியைத் தொகுக்கத் தொடங்கினார்.

ஹேல் 2001 அக்டோபரில் இறந்தார். நினைவுக் கூட்டத்தில் அவருடைய மகன் எஸ்ரா எழுந்து அப்பாவைப் பற்றி வார்ல்பிரியில் பேசினார். வீட்டில் அப்பாவோடு பேசி வளர்ந்த மொழி அது. சில ஆண்டுகள் கழித்து பேர்டுக்கு ஒரு மகள் பிறந்தாள். பிறந்த நாளிலிருந்து அவளிடம் வாம்பனோவாக்கில் பேசினார்கள். நூறாண்டுக்கு மேல் யார் வாயிலும் இல்லாதிருந்த அந்த மொழியில் அவள் முதல் சொல்லைச் சொன்னாள்.